நீட்டிய சேடில்பேக் மாட்டிய பிறகு வரும் தொல்லைகள்: அறிகுறியை வைத்துக் காரணத்தைப் பிடிக்கும் வழி

ஹார்லி-டேவிட்சன் டூரிங் வண்டியை கஸ்டம் பேகராக, அதாவது பக்கப் பைகளோடு தங்கள் ரசனைக்கு வடிவமைத்த வண்டியாக, மாற்ற நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் கை வைப்பது பின்னால் இரு பக்கமும் இருக்கும் சேடில்பேக் என்ற இரண்டு பெட்டிகளில்தான். இனி அவற்றைப் பை என்றே சொல்கிறேன். கம்பெனிப் பை சைலன்சருக்கு மேலேயே முடிந்துவிடும். நீட்டிய பை அதையும் தாண்டிக் கீழே இறங்கி, பின்பக்கம் மட்கார்டோடு சேர்ந்து ஒரே கோடாக ஓடும். அந்தக் கோடு சரியாக விழுந்த வண்டியின் அழகே தனி. 2017-ல் ஹார்லியே ரோடு கிங் ஸ்பெஷல் என்ற மாடலை நீட்டிய பைகளோடு ஷோரூமுக்கு அனுப்பியது.

வெளியில் வாங்கி மாட்டிய பைகளைப் பற்றி வரும் புகார்களில் பெரும்பாலானவை பையின் குறையே அல்ல. பை நல்ல பைதான், ஆனால் அந்த வண்டிக்கு உரிய பை இல்லை. வண்டியின் மாடல் ஆண்டு, சைலன்சர், பின்பக்க உயரம், மட்கார்டு ஆகிய நான்கும் முடிவான பிறகுதான் பையைத் தேர்ந்தெடுக்க முடியும். படத்தைப் பார்த்து முதலில் பையை வாங்கிவிட்டு மற்றவற்றை அதற்கு ஏற்ப வளைக்கப் போனால், கீழே சொல்லியிருக்கும் தொல்லைகளில் ஒன்றாவது வந்தே தீரும். ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் தங்கள் வண்டியில் தெரியும் அறிகுறிக்கு நேராகப் போகலாம். இன்னும் வாங்காதவர்கள் முழுவதும் படித்துவிட்டு ஆர்டர் போடுவது நல்லது.

ஓட்டைகள் பொருந்தவில்லை, பை இடத்தில் உட்காரவில்லை

டூரிங் வண்டியில் பையின் உள்பக்கச் சுவரில் கால் சுற்றில் பூட்டும் இரண்டு திருகுகள் இருக்கும், அவற்றைத்தான் கால் திருகு என்கிறேன். வளையத்தைத் தூக்கிக் கால் சுற்று சுற்றினால் பை கழன்றுவிடும். பையின் அடிப்பகுதி ரப்பரோடு கீழ்த் தாங்கியில் உட்காரும். இந்த மூன்று இடமும் ஒரே நேரத்தில் இழுக்காமல் பொருந்த வேண்டும். இரண்டு திருகு மாட்டி மூன்றாவதற்குப் பையை முழங்காலால் தள்ள வேண்டியிருந்தால் அது பொருந்தியதாகக் கணக்கில்லை.

முதலில் மாடல் ஆண்டைப் பாருங்கள். 1993-ல் பேட்டரி இருக்கைக்கு அடியில் போனது, பையின் உருவமும் மாறியது. 2014-ல் ப்ராஜெக்ட் ரஷ்மோர் என்ற பெயரில் வந்த மாற்றத்தில், ஒரே தொடுதலில் திறக்கும் பூட்டும் அதற்கேற்ற புது மூடியும் வந்தன. அதனால் 1993 முதல் 2013 வரை ஒரு குடும்பம், 2014 முதல் இன்னொரு குடும்பம். பழைய மூடி புதிய பையில் உட்காராது, புதிய மூடி பழைய பையில் உட்காராது. இடையில் 2009-ல் வண்டியின் ஃப்ரேமே புதிதாக வந்து, பின் டயரும் 180 மில்லிமீட்டர் அகலத்துக்குப் போனது. ஆகவே 2008 வண்டிக்கு என்று செய்த நீட்டிய மட்கார்டு 2009 வண்டிக்கு வராது. 'எல்லா டூரிங் மாடலுக்கும் பொருந்தும்' என்று ஒரே வரியில் எழுதியிருந்தால் அங்கே வாங்காதீர்கள். ஆண்டு வரம்பு தெளிவாக எழுதியிருக்க வேண்டும்.

ஆண்டு சரியாக இருந்தும் பொருந்தவில்லை என்றால், கம்பெனிப் பையை எடுத்து அதே இடத்தில் மாட்டிப் பாருங்கள். அதுவும் இழுத்தால் வண்டியின் தாங்கிதான் வளைந்திருக்கிறது. எப்போதாவது சாய்ந்து விழுந்த வண்டியில் இது சகஜம். கம்பெனிப் பை சரியாக உட்கார்ந்து புதியது மட்டும் உட்காரவில்லை என்றால் குறை புதிய பையில். ஃபைபர் பைகள் கண்ணாடி நாரை ரெசின் என்ற பிசினோடு கையால் அடுக்கிச் செய்யப்படுவதால் ஓட்டை சற்று இப்படி அப்படித்தான் இருக்கும். எட்டில் ஒரு அங்குலம் வரை விலகியிருந்தால் உருண்டை அரத்தால் ஓட்டையைப் பெரிதாக்கி அகலமான வாஷர் போட்டுச் சமாளிக்கலாம். கால் அங்குலத்துக்கு மேல் போனால் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

இதற்காகவே ஒரு விதி: பெயின்ட் அடிக்காத வெறும் பையை முழுதாக மாட்டிப் பார்க்காமல் பிரைமர்கூட அடிக்கக் கூடாது. பிரைமர் பட்ட பையை எந்தக் கடையும் திரும்ப எடுக்காது. நேராக பெயின்டரிடம் பார்சலைக் கொடுத்துவிட்டு, நிறம் ஏறிய பிறகு முதல் முறை வண்டியில் வைத்துப் பார்க்கிறவர்கள் நிறைய பேர். அவர்களுக்குப் பிறகு ஒரு வழியும் இருப்பதில்லை.

சைலன்சர் பக்கம் பெயின்ட் பொங்குகிறது, கருகிய வாசனை வருகிறது

நீட்டிய பை நான்கு விதமாக வரும்: இரண்டு பக்கமும் சைலன்சருக்குப் பள்ளம் உள்ளது, வலப்பக்கம் மட்டும் உள்ளது, இடப்பக்கம் மட்டும் உள்ளது, பள்ளமே இல்லாதது. இரு பக்கமும் சைலன்சர் ஓடும் வண்டிக்கு இரண்டு பையிலும் பள்ளம் வேண்டும். இரண்டு குழாயும் ஒன்றாகி வலப்பக்கம் மட்டும் வெளியேறும் எக்ஸாஸ்ட் போட்டிருந்தால், இடப்பக்கப் பை பள்ளம் இல்லாமல் முழுதாக இருக்கலாம். அந்தப் பக்கம் இடமும் கூடுதலாகக் கிடைக்கும். இவ்வளவுதான் கணக்கு. ஆனால் எக்ஸாஸ்ட்டை அடுத்த வருஷம் மாற்றப்போகிறீர்களா என்பதையும் இப்போதே முடிவு செய்துவிட வேண்டும். இன்று ஒரு பக்கக் குழாய்க்கு வாங்கிய பை, நாளை இரண்டு பக்கக் குழாய் வைத்தால் வீணாகிவிடும்.

பள்ளம் இருந்தும் பெயின்ட் பொங்கினால் இடைவெளியைப் பாருங்கள். கம்பெனி சைலன்சரை வைத்து அளவெடுத்த பள்ளத்தில், வெளியில் வாங்கிய நான்கரை அங்குலத் தடிமனான சைலன்சரை நுழைத்தால் நின்றிருக்கும்போது இடம் இருப்பதுபோல் தெரியும். ஓடும்போது கதை வேறு. இந்த வண்டிகளில் எஞ்சின் ரப்பர் தாங்கிகளில் உட்கார்ந்திருக்கிறது. ஐடிலிங்கில் எஞ்சின் குலுங்குவது வெறும் கண்ணுக்கே தெரியும், அதோடு எக்ஸாஸ்ட்டும் ஆடும். அதனால் இடைவெளியை எஞ்சின் ஓடும்போது பாருங்கள். வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, ஐடிலிங்கில் விட்டு, பக்கவாட்டில் குனிந்து டார்ச் அடித்தால் சைலன்சருக்கும் பைக்கும் நடுவில் இருக்கும் வெளிச்சக் கோடு அகலமாகவும் குறுகலாகவும் மாறி மாறித் தெரியும். அந்தக் கோடு எந்த நிலையிலும் அரை அங்குலத்துக்குக் குறையக் கூடாது. ஒரு அங்குலம் இருந்தால் நிம்மதி.

ஃபைபருக்குப் பதில் சில பைகள் செய்யப்படும் ஏபிஎஸ் பிளாஸ்டிக் 100 டிகிரி செல்சியஸை ஒட்டி இளகத் தொடங்கும். ஃபைபரில் போடும் சாதாரண பாலியஸ்டர் ரெசின் அதற்கும் முன்பே இளகும். 'ஃபைபர்தானே, சூடு தாங்கும்' என்று நம்பி நெருக்கமாக மாட்டுவதில் அர்த்தமில்லை. கண்ணாடி நார் தாங்கும், அதைப் பிடித்து வைத்திருக்கும் ரெசின் தாங்காது.

உடனடிப் பரிகாரம்: சைலன்சர் கிளாம்பைத் தளர்த்தி, வண்டியைப் பல முறை குலுக்கி, இழுப்பு இல்லாமல் மறுபடி இறுக்குங்கள். குழாய் கோணலாக இறுக்கப்பட்டு ஒரு பக்கமே சாய்ந்திருப்பது அடிக்கடி நடப்பது. அதிலும் இடம் வரவில்லை என்றால் சைலன்சரைக் கொஞ்சம் இறக்கிப் பிடிக்கும் தாங்கி வாங்கலாம். பையின் வெளிப்புறத்தில், பள்ளத்துக்குள் வெப்பம் திருப்பும் அலுமினிய ஷீட் ஒட்டுவது கூடுதல் பாதுகாப்பு. உரசும் பைக்கு அந்த ஷீட் மருந்தாகாது, இடைவெளி வந்தால்தான் தொல்லை தீரும்.

வளைவில் பை தரையில் உரசுகிறது

இந்தப் பட்டியலில் உயிரோடு சம்பந்தப்பட்டது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கம்பெனி டூரிங் வண்டிகள் ஏறக்குறைய 30 டிகிரி வரை சாயும்படி அமைக்கப்பட்டவை. அதற்கு மேல் சாய்ந்தால் முதலில் தரையைத் தொடுவது கால் வைக்கும் ஃபுட்போர்டு. அது கீல் போட்டது, மடங்கிக்கொள்ளும். 'கர்ர்' என்று ஒரு சத்தம், ஓட்டுகிறவருக்கு அது ஒரு எச்சரிக்கை. பைக்குக் கீல் கிடையாது. பை தரையில் முட்டினால் பின் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கப் பார்க்கும். பிடிப்பு போவது அங்கேதான்.

எவ்வளவு சாயலாம் என்பதை வீட்டிலேயே கணக்குப் போடலாம். பையின் அடி விளிம்பு வண்டியின் நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது, தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்ற இரண்டு அளவு போதும். உதாரணமாக, விளிம்பு நடுவிலிருந்து 14 அங்குலம் தள்ளி, 8 அங்குல உயரத்தில் இருந்தால் சாய்வு ஏறக்குறைய 30 டிகிரி. அதே விளிம்பு 5 அங்குல உயரத்துக்கு இறங்கினால் 20 டிகிரிதான். மூன்றே அங்குலத்தில் பத்து டிகிரி போய்விட்டது. பையை நான்கு அங்குலம் நீட்டி, வண்டியையும் ஷாக் மாற்றி இரண்டு அங்குலம் இறக்கினால் என்ன ஆகும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். இதில் பை வெளிப்பக்கமாக விரியும் டிசைனாக இருந்தால் அந்த 14 அங்குலமும் கூடும், சாய்வு இன்னும் குறையும்.

இந்த அளவை ஆள் இல்லாமல் எடுக்காதீர்கள். நீங்கள் உட்கார்ந்து, பின்னால் உட்காரும் ஆளும் உட்கார்ந்து, பையில் வழக்கமான சாமானும் வைத்து, நண்பர் ஒருவர் டேப் பிடிக்க வேண்டும். வளைவில் போகும்போது வண்டியின் எடை ஷாக்கை இன்னும் அமுக்கும், ஆகவே வந்த எண்ணிலிருந்தும் கொஞ்சம் கழித்தே வையுங்கள்.

உரசலின் தடம் பார்த்தும் காரணம் சொல்லலாம். பையின் வெளி விளிம்பில், முன்பாதியில் தேய்ந்திருந்தால் அது சாய்வில் வந்தது. அடிப்பகுதியின் பின் நுனியில் நீளக் கீறல்கள் என்றால் வேகத்தடையிலோ வீட்டு வாசல் சரிவிலோ இடித்தது. இரண்டு பையிலும் அடி முழுக்கத் தட்டையாகத் தேய்ந்திருந்தால், ஏர் சஸ்பென்ஷனைக் காற்று போக விட்டு வண்டியைத் தரையோடு உட்கார வைத்தபோது பைதான் முதலில் தரையைத் தொட்டிருக்கிறது. ஏர் சஸ்பென்ஷன் வைத்த வண்டிக்குப் பை வாங்குவதற்கு முன், காற்று முழுதாக இறங்கிய நிலையில் பை எங்கே நிற்கும் என்று அட்டையை வெட்டி வைத்துப் பாருங்கள். வண்டியின் எடையை எக்காலத்திலும் பை சுமக்கக் கூடாது.

பரிகாரம் என்று பார்த்தால், வண்டியின் உயரத்தைக் கூட்டுவது ஒன்றுதான் நேர்மையான வழி. முன்பு இறக்கிய ஷாக்கை எடுத்துவிட்டுக் கம்பெனி உயரத்துக்குப் போனாலே பல வண்டிகளில் உரசல் நின்றுவிடும். அடியில் ரப்பர் பட்டை ஒட்டுவது, கீறல் தெரியாமல் கறுப்பு பெயின்ட் அடிப்பது எல்லாம் அறிகுறியை மறைப்பவை. மலைப்பாதையில் ஓட்ட ஆசைப்படுகிறவர்கள் நான்கு அங்குலப் பையே வாங்க வேண்டாம் என்பது என் அழுத்தமான கருத்து. குறைவாக இறங்கும் பை அவர்களுக்குப் போதும். அமெரிக்காவில் மோட்டோஅமெரிக்கா என்ற பந்தய அமைப்பு 2020-ல் லகூனா செகா பந்தயத் தளத்தில் தொடங்கிய கிங் ஆஃப் தி பேகர்ஸ் பந்தயத்தைப் பாருங்கள். பை இருந்தே ஆக வேண்டும் என்பது அங்கே விதி. அந்த வண்டிகளில் பை மேலே தூக்கிக் கட்டியிருக்கும். சாய வேண்டுமென்றால் பை மேலே போக வேண்டும்.

மழை பெய்தால் பைக்குள் தண்ணீர்

மூடிக்கும் பைக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் பீடிங்கை உடனே குற்றம் சொல்லிவிட்டு புது பீடிங் வாங்க ஓடாதீர்கள். முதலில் ஒரு காகிதச் சோதனை. செய்தித்தாளை விரல் அகலத்துக்குப் பட்டையாகக் கிழித்து, பையின் வாயில் ஒரு இடத்தில் வைத்து மூடியைப் பூட்டுங்கள். காகிதத்தை மெதுவாக இழுத்துப் பாருங்கள். கிழியும் அளவுக்குப் பிடித்தால் அந்த இடம் நன்றாக இருக்கிறது. இழுவிசை தெரிந்தும் முழுதாக வந்துவிட்டால் பீடிங் தளர்ந்திருக்கிறது. சும்மா நழுவி வந்தால் அங்கேதான் தண்ணீர் நுழைகிறது. கை அகலத்துக்கு ஒரு இடமாகச் சுற்றிலும் பார்த்துக்கொண்டே வந்து, நழுவும் இடங்களில் மாஸ்கிங் டேப்பில் குறி போடுங்கள்.

குறிகள் முழுதும் பூட்டுக்கு எதிர்ப்பக்கம் இருந்தால் கீல் ஓட்டைகள் உயரமாக விழுந்திருக்கின்றன. கீலுக்கு அடியில் இருக்கும் வாஷரை எடுப்பதோ மெல்லியதாக்குவதோ போதும். குறிகள் பூட்டுப் பக்கம் என்றால் பூட்டின் கொக்கியைச் சற்றுக் கீழே இறக்க வேண்டும். மூலைகளில் மட்டும் என்றால் மூடியோ பையின் வாயோ முறுக்கிக்கொண்டிருக்கிறது. இது ஃபைபரில்தான் வரும். ரெசின் முழுதாகக் காய்வதற்குள் அச்சிலிருந்து எடுத்தால் பை தன் போக்கில் வளைந்துகொள்ளும். சிறிய முறுக்கல் என்றால் தடிமனான, உள்ளே காற்றுக் குழல் உள்ள பீடிங் போட்டு ஈடுகட்டலாம். தட்டையான கண்ணாடி மேல் பையைக் கவிழ்த்து வைத்தால் எவ்வளவு முறுக்கல் என்று நேராகத் தெரியும். இந்தச் சோதனையையும் பெயின்டுக்கு முன்பே செய்துவிடுங்கள்.

ஒரு கம்பெனியின் பையும் இன்னொரு கம்பெனியின் மூடியும் வாங்கிச் சேர்ப்பது இந்தத் தொல்லைக்கு நேர்வழி. இரண்டையும் சேர்த்து ஒரே இடத்தில், பூட்டும் கீலும் மாட்டிய நிலையில் வாங்குவதுதான் நல்லது. விலை கூடத் தெரிந்தாலும் தனித்தனியாக வாங்கிப் பொருத்துவதற்கு ஆகும் கூலியைச் சேர்த்துப் பாருங்கள்.

மூடி நன்றாகப் பிடித்தும் உள்ளே ஈரம் இருந்தால் தண்ணீர் கீழிருந்தோ பக்கத்திலிருந்தோ வருகிறது. கால் திருகு ஓட்டைகளுக்கு ரப்பர் வாஷர் போட்டிருக்கிறதா, ஸ்பீக்கர் வயர் நுழையும் ஓட்டையில் ரப்பர் வளையம் இருக்கிறதா என்று பாருங்கள். பின் சக்கரம் அடிக்கும் தண்ணீர் நேராக அங்கேதான் மோதும்.

பெயின்ட் அடித்துச் சில வாரத்தில் புள்ளி, வரி, வெடிப்பு

இது எந்தப் பொருளால் செய்த பை என்பதைப் பொறுத்தது. புள்ளி, வரி, வெடிப்பு மூன்றையும் தனித்தனியாகப் பார்க்கலாம்.

ஊசி குத்தியது போன்ற புள்ளிகள் என்றால் ஃபைபரின் மேல்பூச்சுக்கு அடியில் காற்றுக் குமிழி இருந்திருக்கிறது. பெயின்டில் உள்ள கரைப்பான் அந்தக் குழிக்குள் தங்கி, சூடேறும்போது வெடித்து வெளியே வரும். வாங்கிய அன்றே, பையை வெயிலுக்கு எதிராகச் சாய்த்துப் பிடித்து, அல்லது இருட்டு அறையில் டார்ச்சைப் பரப்போடு பரப்பாகப் படுக்க வைத்து அடித்துப் பாருங்கள். நேராக அடிக்கும் வெளிச்சத்தில் தெரியாத குழிகள் எல்லாம் சின்ன நிழலோடு தெரியும். விளிம்பிலும் மூலையிலும் அதிகம் இருக்கும். சில குழிகள் இருப்பது சாதாரணம், பட்டி வைத்து மூடிவிடலாம். கூட்டம் கூட்டமாக இருந்தால் அடுக்கும்போது காற்றைச் சரியாக உருட்டி வெளியேற்றவில்லை. எவ்வளவு தேய்த்தாலும் புதிதாக வந்துகொண்டே இருக்கும், அந்தப் பை வேண்டாம்.

பளபளப்புக்கு அடியில் துணி நெசவு போல மெல்லிய வரிகள் தெரிந்தால், பெயின்ட் ஏறிய பிறகு ரெசின் மேலும் சுருங்கியிருக்கிறது. கறுப்பு, அடர் நீலம் போன்ற நிறங்களில்தான் இது பளிச்சென்று தெரியும், ஏனென்றால் அவைதான் வெயிலில் அதிகம் சூடேறும். இதைத் தடுக்க எளிய வழி இருக்கிறது. பிரைமர் அடித்த பையைச் சில நாள் நல்ல வெயிலில் போட்டு வையுங்கள். சுருங்க வேண்டியது அங்கேயே சுருங்கிவிடும். அப்புறம் மரக்கட்டையில் சாண்ட்பேப்பர் சுற்றி மறுபடி சமமாகத் தேய்த்து நிறம் ஏற்றச் சொல்லுங்கள். 'இந்த வாரக் கடைசியில் கையில் வேண்டும்' என்று பெயின்டரை விரட்டுகிறவர்களுக்கு இந்த வரிகள் வருவது தற்செயல் அல்ல.

கீல், பூட்டு, கால் திருகு ஓட்டைகளைச் சுற்றி நட்சத்திரம் போல வெடிப்பு என்றால் திருகை அளவுக்கு மேல் இறுக்கியிருக்கிறார்கள். ஃபைபரில் உலோக நட்டு நேராகப் படக் கூடாது. உள்ளேயும் வெளியேயும் அகல வாஷர், நடுவில் ரப்பர் அல்லது நைலான் இருக்க வேண்டும். வெடித்த இடத்தில் மேலே மட்டும் பட்டி தடவினால் மறுபடி அதே கோட்டில் வெடிக்கும். வெடிப்பை முழுதாகத் தேய்த்தெடுத்து, உள்பக்கம் கண்ணாடி நார் ஒட்டி வலுவாக்கிய பிறகே நிறம்.

அப்படியானால் எதை வாங்குவது? அச்சில் வார்த்த ஏபிஎஸ் பையில் தடிமன் எல்லா இடத்திலும் ஒரே அளவாக இருக்கும், ஓட்டைகள் இடம் மாறாது, சின்ன இடியில் வளைந்து திரும்பும். தினமும் ஓட்டுகிற, நீண்ட தூரம் போகிற வண்டிக்கு நான் ஏபிஎஸ்தான் சொல்வேன். டிசைன் வகை அதில் குறைவு. விரும்பிய வளைவு, பெரிய நீளம், ஏற்கெனவே வாங்கிய மட்கார்டுக்குப் பொருந்தும் உருவம் வேண்டுமென்றால் ஃபைபர்தான். உடைந்தாலும் ஒட்டிச் சரிசெய்யலாம் என்பது ஃபைபரின் பெரிய பலம். ஆனால் ஃபைபர் பையின் விலையோடு டிங்கரிங், பட்டி வேலைக்கான கூலியையும் சேர்த்தே விலையாக நினைக்க வேண்டும். கார்பன் ஃபைபர் எடை குறைவு, அழகு அதிகம், விலை அதைவிட அதிகம். பெயின்ட் அடித்து மூடுவதாக இருந்தால் அதற்குச் செலவழிக்கக் காரணமே இல்லை.

ஒரு பை தாழ்வாகத் தெரிகிறது, மட்கார்டோடு கோடு சேரவில்லை

சைடு ஸ்டாண்டில் சாய்ந்து நிற்கும் வண்டியில் இதைப் பார்க்கவே கூடாது, இடப்பக்கம் தாழ்ந்துதான் தெரியும். வண்டியை நேராக லிஃப்டில் நிறுத்தி, பின் அச்சின் நடுவிலிருந்து இரண்டு பையின் பின் நுனிக்கும் அளவெடுங்கள். தரையிலிருந்தும் ஒரு அளவு. இரண்டிலும் வித்தியாசம் வந்தால் தாங்கியில் வாஷர் கூட்டிக் குறைத்துச் சமன் செய்யலாம். அளவு சமமாக இருந்தும் கோணலாகத் தெரிந்தால் மட்கார்டுதான் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. பையை எடுத்துவிட்டு மட்கார்டு போல்ட்களைத் தளர்த்தி நடுவில் கொண்டுவாருங்கள்.

பைக்கும் மட்கார்டுக்கும் நடுவில் கை நுழையும் அளவு சந்து தெரிந்தால், நீட்டிய பையைக் கம்பெனி மட்கார்டோடு மாட்டியிருக்கிறீர்கள். சந்தை மூட இடைத்தகடு கிடைக்கும். ஆனால் முழுக் கோடும் சேர வேண்டுமென்றால் பையும் மட்கார்டும் ஒரே அச்சுக் குடும்பத்திலிருந்து வாங்க வேண்டும். நீட்டிய மட்கார்டு வைத்தால் நம்பர் பிளேட், அதன் விளக்கு, இண்டிகேட்டர் எல்லாவற்றுக்கும் புது இடம் தேட வேண்டியிருக்கும். இண்டிகேட்டர் பையின் மறைவில் போய்விடாதபடி பின்னால் வருகிற காரின் உயரத்திலிருந்து ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

ஓடும்போது கடகடவென்று சத்தம்

சாமான் இல்லாமல் ஒரு முறை ஓட்டுங்கள். சத்தம் போய்விட்டால் உள்ளே இருக்கும் பொருள்தான். போகவில்லை என்றால் கால் திருகின் ரப்பரையும் கீழ்த் தாங்கியின் ரப்பரையும் பாருங்கள். பழைய வண்டியில் அவை கல்லாகிப் போயிருக்கும். புதுப் பை மாட்டும்போது ரப்பர்களையும் சேர்த்து மாற்றிவிடுவது நல்லது. கம்பெனிப் பையைவிட இதில் எடை கூடுதல், அந்தக் கூடுதல் முழுதும் அந்த ரப்பர்கள் மேல்தான் விழுகிறது. பை பெரிதாகிவிட்டது என்று சாமான் எடையைக் கூட்டாதீர்கள். வண்டியின் கையேட்டில் பைக்கு எழுதியிருக்கும் எடை வரம்பு தாங்கியைப் பொறுத்தது, பை நீண்டதால் அது மாறுவதில்லை.

மூடி ஸ்பீக்கர் கொண்டுவரும் தொல்லைகள்

நீட்டிய பை வாங்குகிறவர்களில் பலர் மூடியில் ஆறுக்கு ஒன்பது அங்குல ஸ்பீக்கரோ எட்டு அங்குல ஸ்பீக்கரோ வைக்கத்தான் வாங்குகிறார்கள். ஸ்பீக்கரின் காந்தம் பைக்குள் எவ்வளவு ஆழம் இறங்கும் என்று கேட்டு வாங்குங்கள். பைக்குள் ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) வைத்தால் மீதி இடத்தில் மழைக்கோட்டு கூட நுழையாமல் போகலாம். நீண்ட பயணத்துக்குப் பை வேண்டும் என்பவர்கள் ஒரு பையில் மட்டும் ஆம்ப் வைப்பதே சரி.

பாட்டில் பேஸ் வரும்போது மட்டும் அதிர்வுச் சத்தம் என்றால் மூடிதான் அதிர்கிறது. மேலே சொன்ன காகிதச் சோதனையைச் செய்து பிடிப்பில்லாத இடத்தைக் கண்டுபிடியுங்கள். மூடியைத் திறக்கும்போதெல்லாம் கீல் பக்கம் முறிவு விழுந்தால், ஸ்பீக்கரின் எடையோடு மூடி தொங்குகிறது. மூடியைத் தாங்கும் நாடா சரியான நீளத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். எடை முழுதும் நாடாவில் நிற்க வேண்டும், கீலில் நிற்கக் கூடாது. ஒரு பக்கப் பாட்டு விட்டு விட்டு வந்தால் பையைக் கழற்றி மாட்டும்போது இழுபட்ட வயர்தான் காரணமாக இருக்கும். பைக்கு வெளியே சட்டென்று கழற்றும் பிளக் ஒன்று வைத்துவிட்டால் இந்தத் தொல்லை வராது. ஸ்பீக்கர் ஈரம் தாங்கும் வகையாகவே இருக்கட்டும். வலைக்கு அடியில் காகிதக் கூம்பு போட்ட கார் ஸ்பீக்கர் ஒரு மழைக்காலம் தாண்டாது.

வண்டி நேராக நிற்கிறது, பக்கவாட்டில் விழப்பார்க்கிறது. டயர் கழற்ற முடியவில்லை

முதலாவது, வண்டியை இறக்கியும் சைடு ஸ்டாண்டைக் குட்டையாக்காததால் வருவது. வண்டி ஸ்டாண்டின் மேல் போதுமான அளவு சாயாமல், லேசான மேட்டில் நிறுத்தினாலே வலப்பக்கம் சரிந்துவிடும். விழும்போது முதலில் உடைவது புதுப் பைதான். இறக்கிய அளவுக்கு ஏற்ற குட்டை ஸ்டாண்டு கிடைக்கும், வாங்கி மாட்டிவிடுங்கள்.

இரண்டாவது, நீட்டிய மட்கார்டு சக்கரத்தைப் பின்னால் மூடிக்கொள்வதால் வருவது. பைகளைக் கழற்றிய பிறகும் வண்டியை வழக்கத்தைவிட உயரமாகத் தூக்கினால்தான் சக்கரம் வெளியே உருளும். வீட்டில் இருக்கும் லிஃப்ட் அவ்வளவு தூக்குமா என்பதை மட்கார்டு ஆர்டர் போடுவதற்கு முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். சில மட்கார்டுகளில் பின்பகுதி தனியாகக் கழலும்படி செய்திருப்பார்கள். நெடுந்தூரம் போகிறவர்கள் அந்த வகையைக் கேட்டு வாங்கினால், நடுவழியில் பஞ்சரானாலும் வழியில் இருக்கும் எந்த மெக்கானிக்காலும் சக்கரத்தைக் கழற்ற முடியும்.